மின்ஹ்வா ஓவியத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

கொரிய நாட்டுப்புற ஓவியமான மின்ஹ்வாவின் முன் நிற்கும்போது, வரைந்தவர் யார் என்று தேடாமல், அதில் என்ன விலங்கு, என்ன பூ, என்ன பழம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து, அது வீட்டில் எந்த வேளைக்காக வைக்கப்பட்டது என்று கேளுங்கள்.

கொரியாவை ஆண்ட ஜோசன் அரச மரபின் பிற்பகுதியில், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெருகிய இவ்வோவியங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கையொப்பமே இல்லை. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் ஒரு வேண்டுதல் இருக்கிறது. புத்தாண்டில் ஒட்டப்படும் புலி தீமையை விரட்டும். அதற்கு மேலே பைன் கிளையில் அமர்ந்திருக்கும் மேக்பை பறவை நற்செய்தி கொண்டுவரும். திருமணத்தில் நிறுத்தப்படும் பியோனி மலர்த் திரை செல்வத்தையும், விதைகள் தெரியப் பிளந்த மாதுளை மக்கட்பேற்றையும் வேண்டும். இதை அறிந்தபின் அந்தப் புலியின் உருண்டை விழிகளும் கோணல் முகமும் குறையாகத் தோன்றுவதில்லை. அவற்றின் துணிச்சல்தான் இக்கலையின் பேரழகு என்பேன்.

பொருளைத் தனியாகப் பிரித்து மட்டும் படிக்கக் கூடாது. அலையிலிருந்து துள்ளும் கெண்டை மீன் தேர்வில் வெற்றியைக் குறிக்கும். அதே மீன், பெற்றோர் பக்தி என்று பொருள்படும் 'ஹ்யோ' என்னும் எழுத்தைப் படமாக வரைந்த எழுத்தோவியத்தில் மூங்கில் குருத்துடன் வந்தால், உறைபனிக் காலத்திலும் தாய்க்கு மீன் தேடிய மகனின் பக்தியைக் குறிக்கும்.

கிம் ஹோங்டோ போன்ற அரசவை ஓவியர்களின் படைப்புகளுக்கு இந்த வழி போதாது. அங்கே கைவண்ணத்தையே முதலில் பார்க்க வேண்டும். புத்தக அலமாரியை வரைந்த மடிப்புத் திரைகள் சிலவற்றிலும் அப்படித்தான்: அரசவை ஓவியர் யி ஹ்யோங்ரோக் தம் பெயர் பொறித்த முத்திரையை அலமாரிப் பொருள்களுள் ஒன்றாகவே வரைந்து வைத்திருக்கிறார்.