பண்ணைக்கீரையில் எஃபோ ரிரோ

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களின் எஃபோ ரிரோவுக்குப் பெயரிலேயே பக்குவம் இருக்கிறது: எஃபோ என்றால் கீரை, ரிரோ என்றால் கிளறியது. சூப் வகையில் சேர்த்தாலும், கரண்டியில் எடுத்தால் அது குவிந்து நிற்க வேண்டும். இதற்கு அவர்கள் விரும்பிப் பறிக்கும் ஷோக்கோ என்னும் கீரை, தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் கொல்லைகளில் கேழ்வரகுக்கும் நிலக்கடலைக்கும் நடுவே மழைக்குப் பின் முளைக்கும் நம் பண்ணைக்கீரையேதான். களையென்று வரப்பில் வீசும் அதைக் கதிர் விடும் முன்பே பறித்துவிடுங்கள்.

நான்கு பேருக்கு நான்கு பெரிய கட்டுக் கீரை, அரைக் கிலோ வெள்ளாட்டுக் கறி, ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் விளையும் சிவப்புக் குடைமிளகாய் மூன்று, பழுத்த மிளகாய் ஐந்து, பெரிய வெங்காயம் இரண்டு போதும். கறியுடன் போட்டியும் சேர்த்தால் இன்னும் நன்று. அவர்களும் குடல் வகைகளைச் சேர்ப்பவர்களே.

பக்குவம் கெடுவது தண்ணீரால்தான். கீரையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, ஒரு சொட்டும் விழாத அளவுக்குப் பிழிய வேண்டும். நான்கு கட்டும் சுருங்கி ஒரு தேங்காயளவு உருண்டையாகிவிடும். கீரை என்றதும் மத்தைத் தேடும் கை நமக்கு, ஆனால் இதைக் கடையவே கூடாது. குடைமிளகாயையும் பழுத்த மிளகாயையும் ஒரு வெங்காயத்தையும் அம்மியில் கொரகொரப்பாக அரைத்து, நீர் வற்றும்வரை தனியே கொதிக்க விடுங்கள்.

அவர்கள் ஊற்றுவது சிவந்த பனை எண்ணெய். ரேஷன் பாமாயில் சுத்திகரிக்கப்பட்டு அந்நிறமும் மணமும் போனது என்பதால், கடலை எண்ணெயையே நான் பயன்படுத்துகிறேன். எண்ணெய் காய்ந்ததும் மற்ற வெங்காயத்தை நறுக்கி வதக்கி, இரு என்னும் புளிக்கவைத்த விதையைச் சேர்ப்பது அவர்கள் முறை. அதன் ஆழ்ந்த மணத்துக்கு ஈடு இங்கில்லை. வறுத்துப் பொடித்த நெத்திலிக் கருவாடு ஓரளவு துணை நிற்கும். பிறகு அரைத்த விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, வேகவைத்த கறியையும் உப்பையும் போட்டு, இறுதியாகக் கீரையை உதிர்த்துச் சேர்த்து, மூடாமல் மூன்று நிமிடம் கிளறி இறக்குங்கள்.

அங்கே பெருவள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த யாம் கிழங்கின் மாவில் கிண்டிய அமலாவைக் கிள்ளித் தொட்டு உண்பார்கள். நமக்குக் கேழ்வரகுக் களி இருக்கிறது. வழக்கத்தைவிடச் சற்றுக் கெட்டியாகக் கிண்டிக்கொள்ளுங்கள்.