ஹிபாச்சி கல் சூடாகும் முன்பே சொல்லிவிடுங்கள்: ஜப்பானிய உணவகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பிறந்தநாள், பட்டமளிப்பு என்றால் குடும்பத்தோடு ஹிபாச்சிக்கு, அதாவது கண்ணெதிரே இரும்புக் கல்லில் சமைத்துத் தரும் ஜப்பானிய உணவகத்துக்கு, போகிற தமிழர்கள் நிறைய. ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் நெருப்பு பறக்கும் கல், இன்னொரு பக்கம் சுஷி. அங்கே நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை நேரம் தவறுவதால் வருகின்றன. கல் பக்கத்தில் முன்னாடியே சொல்ல வேண்டியதைப் பிந்திச் சொல்கிறோம். சுஷி பக்கத்தில் உடனே சாப்பிட வேண்டியதைக் காக்க வைக்கிறோம்.

விருந்தினர் கண்ணெதிரே இரும்புத் தகட்டில் சமைத்துப் பரிமாறும் முறையை 1945-ல் கோபே நகரத்து மிசோனோ உணவகம் தொடங்கியது. கரண்டியைச் சுழற்றி வித்தை காட்டும் அமெரிக்க பாணியைப் பரப்பியது, 1964-ல் நியூயார்க்கில் ராக்கி ஆவோக்கி திறந்த பெனிஹானா. வெங்காய வளையங்களை அடுக்கி எரிமலையாக்குவது, முட்டையைக் கரண்டி நுனியில் உடைப்பது எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் கவனிக்க வேண்டியது கல்லை. ஒரு மேசைக்கு ஏறத்தாழ எட்டுப் பேர், எல்லோருக்கும் அதே ஒரு கல். முட்டை, கோழி, மாட்டிறைச்சி, இறால் எல்லாம் அதன்மேல்தான் வேகும். ஒன்று முடிந்து அடுத்தது போடும்போது செஃப் கரண்டியால் சுரண்டி, துணியால் துடைப்பார், அவ்வளவுதான். நடுவில் யாரும் கழுவுவதில்லை.

அதனால் செஃப் எண்ணெய் ஊற்றத் தொடங்கிய பிறகு "நான் சைவம்" என்று சொல்வதில் பயனில்லை. மேசையை முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், ஆர்டர் எடுக்கிற சர்வரிடம் மறுபடியும் சொல்லுங்கள். உள்ளே சமையலறையில் தனி வாணலியில் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். சனிக்கிழமை இரவுக் கூட்டத்தில் முடியாது என்று சொல்லக்கூடும். கூட்டம் குறைந்த வாரநாளில் கேட்டால் வாய்ப்பு அதிகம். வெறுமனே "வெஜிடேரியன்" என்றால் போதாது. அங்கே பலருக்கு அதில் முட்டை அடக்கம். முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சி வேகவைத்த தண்ணீரும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வதுதான் சரி.

சைவக்காரர்கள் ஏமாறுகிற இடங்களும் இங்கேதான். முதலில் வருகிற தெளிந்த சூப்பில் காளானும் வெங்காயத்தாளும் மட்டும் மிதக்கும். ஆனால் அது பெரும்பாலும் கோழி அல்லது மாட்டெலும்புச் சாறு. சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பின் அடித்தளச் சாறான டாஷியில் பொதுவாகக் காய்ந்த பொனிட்டோ மீன் சீவல் இருக்கும். ஃபிரைடு ரைஸில் முட்டை. வெளிர் ஆரஞ்சு நிற 'யம் யம்' சாஸில் மயோனைஸ், அதாவது அதிலும் முட்டை. இனிப்பான டோஃபு பைக்குள் சாதம் வைத்த இனாரியைச் சைவம் என்று நம்பிச் சாப்பிடுவார்கள். அந்தப் பையை வேகவைக்கிற சாற்றிலும் டாஷி சேர்ப்பது வழக்கம். வெள்ளரி ரோல், அவகாடோ ரோல், உப்புத் தூவிய எடமாமே (பச்சை சோயா பீன்ஸ்) ஆகியவை ஓரளவு கவலையில்லாதவை. கலிஃபோர்னியா ரோலில் இருக்கிற 'நண்டு' பெரும்பாலும் மீன் விழுதில் செய்தது. இறால், நண்டு ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களை அந்தக் கல்லின் முன்னால் உட்கார வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

மேசைக்குத் தாமதமாகப் போகாதீர்கள். எல்லோரும் ஆர்டர் கொடுத்த பிறகுதான் செஃப் வருவார்; முன்பின் தெரியாத ஒரு குடும்பம் உங்களுக்காகப் பசியோடு காத்திருக்கும். செஃப் போன பிறகும் கல் நெடுநேரம் சுடும், குழந்தைகள் கை நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவையும் விரித்த கூந்தலையும் பின்னால் கட்டிவிடுவது நல்லது. சில இடங்களில் குப்பியிலிருந்து சாகே மதுவை வாயில் பீய்ச்சுவார்கள். வேண்டாம் என்றால் கையைக் காட்டுங்கள், வற்புறுத்த மாட்டார்கள். பெரிய குழுவென்றால் டிப்ஸைப் பல கடைகள் பில்லிலேயே சேர்த்துவிடும், பார்க்காமல் இரண்டாவது முறை கொடுத்துவிடாதீர்கள். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே கிடையாது.

இனி சுஷி. அதையும் ஹிபாச்சியையும் சேர்த்து ஆர்டர் செய்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. சுஷித் தட்டு வரும், அதே நேரத்தில் தீயும் எழும், எல்லோரும் கைப்பேசியோடு கல் பக்கம் திரும்பிவிடுவார்கள். சாத உருண்டைமேல் மீன் துண்டு வைத்த சுஷிதான் நிகிரி; அதன் சாதம் உடல் சூட்டில் இருக்கும்போதுதான் உதிரியாகவும் மென்மையாகவும் இருக்கும். வீடியோ எடுத்து முடிப்பதற்குள் ஆறி இறுகிவிடும், மீனும் ஓரத்தில் காய்ந்துபோகும். செஃப் வருவதற்கு முன் சாப்பிட்டு முடிக்கிற அளவுக்கு மட்டும் சுஷி வாங்குங்கள். அல்லது இன்னொரு நாள் சுஷிக்கென்றே போய் கவுண்டரில் உட்காருங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நிகிரியைச் சாப்ஸ்டிக்கால்தான் எடுக்க வேண்டும் என்று திண்டாட வேண்டாம். 1820-களின் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருக்கடையில் நின்றபடி கையால் சாப்பிட்ட உணவு அது. இன்றும் கையால் எடுப்பது முறைதான். கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் பக்கவாட்டில் பிடித்து, லேசாகச் சாய்த்து, மீனின் நுனியை மட்டும் சோயா சாஸில் தொட்டு, ஒரே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். சாதப் பக்கத்தைத் தோய்த்தால் அது சாஸை உறிஞ்சி விரலிலேயே உடையும், நாக்கில் உப்பு மட்டும் மிஞ்சும். விலாங்கு மீன் ஏற்கெனவே இனிப்புச் சாஸ் பூசி வரும், அதற்குச் சோயாவே வேண்டாம். ஊறுகாய் இஞ்சி ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே வாயைச் சுத்தப்படுத்த வைத்தது. அதை மீன்மேல் போட்டுச் சாப்பிட்டால் மீனின் ருசி காணாமல் போய்விடும். வசாபி என்ற காரமான பச்சை விழுதைச் சாஸில் கரைத்துக் குழம்பாக்கவும் வேண்டாம், நல்ல கவுண்டரில் செஃப் தேவையானதை மீனுக்கும் சாதத்துக்கும் நடுவே வைத்திருப்பார். வெளுத்த மீனில் தொடங்கி, பிறகு கொழுப்புள்ள டூனாவுக்குப் போனால் ஒவ்வொன்றின் ருசியும் தனியாகத் தெரியும்.

சாப்ஸ்டிக்கைச் சாதத்தில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றுவதும் ஜப்பானியர்களுக்கு இறுதிச் சடங்கை நினைவூட்டும். தகனம் முடிந்து எலும்பை அப்படித்தான் கைமாற்றுவார்கள். அஸ்தி எடுக்கிற வழக்கம் உள்ள நமக்கு இது எளிதில் புரியும்.

"ஃப்ரீசரில் வைத்த மீனா?" என்று முகம் சுளிப்பதும் தவறுதான். ஒட்டுண்ணிகளைக் கொல்ல, பச்சையாகப் பரிமாறும் பல மீன்களை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். கர்ப்பிணிகள் பச்சை மீனைத் தவிர்த்து, வெந்த இறாலையோ காய்கறி ரோலையோ எடுத்துக்கொள்ளலாம்.

மிஞ்சிய ஹிபாச்சி சாதத்தை வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். பச்சை மீன் சுஷியை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜில் வைத்தாலோ சாதம் கல்லாகிவிடும். முதலில் குறைவாக வாங்குங்கள், போதவில்லையென்றால் இன்னொரு தட்டு சொல்லிக்கொள்ளலாம்.