இழுவலையில் சங்காயத்தைக் குறைக்கும் முறை

விசைப்படகின் இழுவலையில் இறாலோடு சங்காயமாக, அதாவது வேண்டாத மீனாக, ஏறிவரும் குஞ்சு மீன்களில் பெரும்பாலானவை படகின் தளத்துக்கு வரும்போதே செத்துவிடுவதால், அவற்றைக் கடலில் திருப்பிக் கொட்டுவதைவிட வலையிலிருந்து தப்பவிடுவதே முறையாகும். விரல் நீளச் சங்கரா தீவன ஆலைக்குப் போவதைக் காண மனம் பொறுக்கவில்லை. முதலில் மாற்ற வேண்டியது வலையின் கடைசிப் பை. சாய்சதுரக் கண்கள் இழுவையின் பாரத்தில் நீண்டு மூடிக்கொள்ளும், 40 மி.மீ. சதுரக் கண்களோ இழுக்கும்போதும் திறந்தே நிற்பதால் குஞ்சுகள் வெளியேறிவிடும். பைக்கு மேல் சிறுகண் உறை போர்த்தினால் இந்தப் பயன் முழுவதும் வீணாகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகைப் பழுதுபார்க்கும்போதே பையையும் மாற்றிவிடலாம். கடலில் முதல் இழுவையைக் குறுகிய நேரத்தில் தூக்கிப் பார்த்து, சங்காயம் மிகுந்திருந்தால் அவ்விடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். ஆமை சிக்கியிருந்தால் மீன்களைப் பிரிக்கும் முன்பே அதைக் கவனியுங்கள்.