ஸ்ட்ரீமர் ஃப்ளை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூண்டில் முள்ளில் முடியும் நூலும் கட்டிச் செய்யும் போலி இரைதான் ஃப்ளை. அதில் சின்ன மீனைப்போல் இருப்பது ஸ்ட்ரீமர். நூல் அவிழ்வது, கத்தரி தவறி நூலையும் சேர்த்து வெட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு ஃப்ளை கட்டினால் தானாகப் புரியும். மேசையில் எல்லாம் சரியாகத் தெரிந்து, தண்ணீரில் இறங்கியதும் காலை வாரும் தவறுகள்தான் இங்கே. உதாரணத்துக்கு க்ளவுசர் மின்னோவை எடுத்துக்கொள்வோம். பாப் க்ளவுசர் 1980களில் அமெரிக்காவின் சஸ்குவெஹானா ஆற்று பாஸ் மீனுக்காகக் கட்டியது. இன்று கடலிலும் அதுவே பிழைக்கிறது. ஒரு முள், ஒரு ஜோடி டம்பெல் கண் (இரு முனையிலும் குண்டுள்ள எடைக் கண்), கொஞ்சம் முடி, அவ்வளவுதான்.

முடியை அள்ளி வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. முடிப் பை கைக்கு வந்ததும், "கொஞ்சம் கூட இருந்தா மீனுக்கு நல்லாத் தெரியும்" என்று கை தாராளமாகிவிடுகிறது. வைஸில் (முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி) பார்க்க அழகுதான். தண்ணீரில் அது விளக்குமாறு.

பாம்பன் கரையில் கிடைக்கும் நெத்திலி ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கருப்பாக ஒரு கண், பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு. மிச்ச உடம்பு வழியே வெளிச்சம் தெரியும். பாரையும் சீலாவும் துரத்துவது இப்படி ஒன்றைத்தான். வெளிச்சம் புகாத முடிக்கட்டு எந்தக் கோணத்திலும் நெத்திலி ஆகாது.

தோற்றம் மட்டும் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். அடர்ந்த முடி காற்றைப் பிடித்து வைக்கும். கண்ணின் எடை அதேதான் என்பதால் ஃப்ளை இறங்கத் தாமதமாகும். நனைந்தபின் தண்ணீரைச் சுமக்கும், அடுத்த வீச்சில் லைன் தள்ளாடும். ஐப்பசி கார்த்திகையில் பாக் நீரிணைக் கரையில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும்போது அந்த ஃப்ளை பாதி தூரம்கூடப் போகாது. ஆள் தன் வீச்சைக் குறை சொல்லிக்கொண்டு நிற்பார். முள்ளின் வாய் (முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) முடியால் அடைபட்டிருந்தால் மீன் கடித்தும் குத்தாது. இன்னொன்று: நூல் பிடிப்பது வெளிச்சுற்று முடியை மட்டும்தான். நடுவில் இருப்பது பிடிமானமில்லாமல் முதல் மீனோடு உருவிக்கொண்டு போகும்.

2ஆம் எண் முள்ளுக்கு ஒரு கட்டு முடியை முறுக்கினால் தீக்குச்சிப் பருமன்தான் வர வேண்டும். வெட்டிய முடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் வாருங்கள். குட்டை முடியும் பஞ்சும் உதிரும். பாதி காணாமல் போனது போலிருக்கும், பயப்பட வேண்டாம். நீளம் முள்ளைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு. நுனியைக் கத்தரியால் சமமாக வெட்டவே கூடாது. ஏற்ற இறக்கமாக இருந்தால்தான் வால் அசையும்.

ஏற்கெனவே அடர்த்தியாகக் கட்டியதை வீச வேண்டாம். நுனியைத் தொடாமல், அடியில் சில முடிகளை மட்டும் கத்தரி முனையால் வெட்டி எடுங்கள். பிறகு பக்கெட் தண்ணீரில் நனைத்து இழுத்துப் பாருங்கள். நெத்திலி அளவுக்கு ஒடுங்கி, முள் முனை மேல்நோக்கி வந்தால் போதும்.

கண் சுழல்வது

வழவழப்பான ஸ்டெயின்லெஸ் முள்ளில் நேரடியாகக் கண்ணைக் கட்டினால் இரண்டு வீச்சில் திரும்பிவிடும். முதலில் நூலால் அடித்தளம் போடுங்கள். கண்ணை முள்ளின் காதிலிருந்து (தூண்டில் நூல் நுழையும் வளையம்) தண்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்து, 8 வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று. அதன்பின் கண்ணுக்கும் தண்டுக்கும் இடையில் மோதிரம்போல் நான்கைந்து சுற்று இறுக்குங்கள். 8 வடிவச் சுற்றுகளை இறுக்கிப் பிடிப்பது இதுதான், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். கடைசியில் ஒரு துளி சூப்பர் க்ளூ. விரலால் திருகிப் பார்த்து அசைந்தால் அவிழ்த்துக் கட்டுங்கள்.

பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, கடல்புல் அதிகம். அங்கே ஈயக் கண் புல்லில்தான் மாட்டும். மணிச் சங்கிலியில் வெட்டிய இரண்டு மணிகளே தாராளம்.

காதை அடைப்பது

தலையைக் காது வரை கட்டிக்கொண்டு போய், கரையில் தங்கூசி (தூண்டில் நூல்) நுழையாமல் முழிப்பது. காதுக்குப் பின்னால் காதின் அகலமளவு வெற்றுத் தண்டு விடுங்கள். பசை காயுமுன் ஊசியால் ஒரு குத்து.

மான் முடி

இறக்குமதி பக்டெயில் (மான் வால் முடி) விலை அதிகம் என்று உள்ளூர் மான் முடியைத் தேடிப் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது. கறிக்கடையில் கிடைக்கும் ஆட்டு வால் முடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்தால் போதும்.

நிறம்

மேலே பச்சை, கீழே வெள்ளை. மற்றது அப்புறம்.

துரு

கடலில் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காமல் பெட்டியில் போட்டால் பக்கத்தில் இருப்பதும் போகும்.

சீலாவின் பல்

நூல் தலையைப் பசையால் மூடாமல் விட்டால் ஒரே கடியில் அறும். இரண்டு பூச்சு எபாக்ஸி போடுங்கள். ஃப்ளைக்கு முன்னால் ஒரு சாண் மெல்லிய கம்பி.