"ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது": தர மேம்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடிக்கையாளரிடமிருந்து ஒரு ரிஜெக்‌ஷன் புகார் வந்தால், மூல காரணம் என்ன, மறுபடி வராமலிருக்க என்ன செய்தீர்கள் என்று பதில் அறிக்கை கேட்பார்கள். அம்பத்தூர், ஓசூர், கோவை என்று எந்த ஊர் உதிரிபாகக் கம்பெனியின் கோப்பைப் புரட்டினாலும் இந்த வரி கண்ணில் பட வாய்ப்பு அதிகம்: "ஆபரேட்டரின் கவனக்குறைவு. ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது."

தர மேலாண்மையில் நடக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். துளை போடாத ஒரு பிராக்கெட் பெட்டிக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆள் மறந்தது உண்மையாகவே இருக்கட்டும். மறந்த பிறகும் அந்தப் பாகம் எப்படி அடுத்த மெஷினைத் தாண்டிப் போனது? அங்கே பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரில் ஒரு பின் வைத்திருந்தால், துளை இல்லாத பிராக்கெட் அதில் உட்காரவே உட்காராது. தவறு நடந்தாலும் அது மேலே போகாதபடி தடுக்கும், போக்கா யோகே என்று ஜப்பானில் பெயர் பெற்ற முறை இது. புது ஆள் வந்தாலும், இரவு ஷிஃப்டில் யாராவது கண் அசந்தாலும் பின் தன் வேலையைச் செய்யும். அறிவுரைக்கு அந்த பலம் கிடையாது.

"ஏன்" என்று ஐந்து முறை கேட்கும் வழக்கத்தை டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த தாய்ச்சி ஓனோ ஓர் உதாரணத்தோடு விளக்குவார். மெஷின் நின்றது. ஏன்? பளு கூடி ஃபியூஸ் போயிருந்தது. ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. அது ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே புகுந்திருந்தது. ஃபியூஸை மாற்றியதோடு நிறுத்தியிருந்தால் மெஷின் மறுபடி நின்றிருக்கும். மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இந்தப் பதில்கள் கிடைக்கும். நம் ஊரில் பல இடங்களில் படிவத்தில் ஐந்து கட்டம் போட்டு, ஏசி அறையில் உட்கார்ந்தபடியே நிரப்பிவிடுகிறார்கள்.

அடுத்தது, பொறுப்பான ஆட்களே செய்யும் தவறு: தேவையில்லாமல் கை வைப்பது. கணினி இயக்கும் சிஎன்சி லேத்தில் 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் ஓடுகிறது, 0.02 மி.மீ. வரை கூடலாம், குறையலாம். முதல் பீஸ் 25.008 வருகிறது. ஆபரேட்டர் உடனே ஆஃப்செட்டில், அதாவது டூலின் நிலையைத் திருத்தும் எண்ணில், 8 மைக்ரான் (0.008 மி.மீ.) குறைக்கிறார். மெஷினுக்கென்று இயல்பான ஏற்ற இறக்கம் ஒன்று உண்டு. அதன்படி அடுத்த பீஸ் 24.994 வந்திருக்கும், அவர் குறைத்ததால் 24.986 வருகிறது. பதறிப்போய் 14 மைக்ரான் கூட்டுகிறார். மூன்றாவது பீஸ், சும்மா விட்டிருந்தால் 25.009, இப்போது 25.015. இப்படி ஒவ்வொரு பீஸுக்கும் திருத்திக்கொண்டே போனால் அளவுகளின் பரவல் ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும் என்று கணக்குப் போட்டே காட்டலாம். அக்கறையோடு செய்ததுதான் ரிஜெக்‌ஷனைக் கூட்டுகிறது.

எப்போது கை வைப்பது, எப்போது விடுவது என்பதற்காகத்தான் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். அளவுகளை வரிசையாகப் புள்ளி வைத்து, இயல்பான ஏற்ற இறக்கத்தின் எல்லையை மேலும் கீழும் கோடாகப் போடும் படம் அது. புள்ளி எல்லைக்கோட்டைத் தாண்டினாலோ, டூல் தேய்ந்து அளவு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனாலோ திருத்துங்கள். மற்ற நேரம் விட்டுவிடுங்கள்.

இதே தவறு மேலாளர் அறையிலும் நடக்கிறது. போன மாதம் ரிஜெக்‌ஷன் 1.8 சதவீதம், இந்த மாதம் 2.1. உடனே மீட்டிங், விளக்கம், புது உத்தரவு. அடுத்த மாதம் 1.7 ஆனதும் பாராட்டு. மூன்றுமே வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் இருக்கலாம். ஒரு வருடக் கணக்கை வரிசையாக வரைந்து பார்க்காமல் யாரையும் திட்டவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம்.

திட்டுவதால் வேறொரு கேடும் உண்டு. குறை வெளியே வராது. ரிஜெக்ட் ஆன பீஸ் மெஷினுக்கு அடியில் ஒளியும், குறையைச் சரிசெய்ய மறுபடி செய்த வேலை (ரீவொர்க்) கணக்கில் ஏறாது, போர்டில் எண் மட்டும் அழகாக இருக்கும். அமெரிக்கத் தர நிபுணர் டெமிங் தன் 14 கொள்கைகளில் பயத்தை விரட்டச் சொன்னார். தொழிலாளியைப் பார்த்துச் சொல்லும் முழக்கங்களையும் நீக்கச் சொன்னார். "பூஜ்யக் குறைபாடு நமது லட்சியம்" என்ற பேனர், தேய்ந்த ஃபிக்ஸ்சரை மாற்றித் தராது. டொயோட்டா லைனில் சிக்கல் தெரிந்தால் தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் உதவிக்கு ஓடி வருவார், அங்கேயே தீராவிட்டால் லைன் நிற்கும். இழுத்தவரைக் கடிந்துகொள்ளும் ஆலையில் அந்தக் கயிறு இருந்தும் இல்லாததுபோலத்தான்.

சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001 நல்ல அடித்தளம்தான். ஆனால் ஆடிட்டுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து பழைய தேதியில் பதிவேடு எழுதுகிற இடத்தில், அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்கும் காகிதம்தான். முறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் ஆலை ஓர் உதாரணம். தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசு 1998-இல் இந்தியாவுக்கு முதன்முதலாக வந்தது அந்தக் கம்பெனியின் பிரேக் பிரிவுக்குத்தான். 2002-இல் டிவிஎஸ் மோட்டாரும் அதைப் பெற்றது.

கடைசியாக, கைசனுக்கு, அதாவது தொழிலாளர்கள் தரும் சின்னச் சின்ன முன்னேற்ற யோசனைகளுக்கு, எண்ணிக்கை இலக்கு வைப்பது. ஆளுக்கு மாதம் இத்தனை யோசனை என்று கேட்டால், மாதக் கடைசியில் தரையிலுள்ள மஞ்சள் கோட்டை மறுபடி வரைந்ததும் கைசனாகிவிடும். எத்தனை வந்தது என்று எண்ணுவதைவிட, வந்த யோசனைக்கு எத்தனை நாளில் பதில் போனது என்று பாருங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை யோசனை சொன்னவரிடமே நேரில் சொல்லுங்கள். சரி என்றால் ஒரு மெஷினில் சோதித்துவிட்டு, அப்புறம் வேலை முறைத் தாளைத் திருத்தி, மூன்று ஷிஃப்டுக்கும் அவரையே செய்து காட்டச் சொல்லுங்கள். தாளைத் திருத்தாமல் விட்டால், அவர் லீவு போட்ட அன்றே லைன் பழைய முறைக்குத் திரும்பிவிடும்.