தம்பி நோட்டைக் கிழிப்பதும் அக்காவின் 15 நிமிடமும்

ஆட்டிசம் உள்ள தம்பி அக்காவின் வீட்டுப்பாட நோட்டைக் கிழித்தால், "சின்னவன்தானே, விட்டுக்கொடு" என்போம். அது எங்கள் வீட்டில் எடுபடவில்லை. தாள் கிழியும் சத்தமும் அக்கா போடும் கூச்சலும் அவனுக்குப் பிடித்துப்போக, திரும்பத் திரும்பச் செய்தான்.

நோட்டுகள் பூட்டுள்ள அலமாரிக்குப் போயின, சாவி அக்காவிடமே. அவள் படிக்கும் நேரத்தில் அவனுக்குக் கிழிக்கப் பழைய செய்தித்தாள். சுவரில் இரண்டே படம்: ‘முதலில்’ தாள், ‘பிறகு’ ஊஞ்சல். கூடவே, மீதி நேரம் கண்ணுக்குத் தெரியும் டைமர். எடுத்தவுடன் 30 நிமிடம் வைத்தது எங்கள் தவறு; முடிவு எட்டாததால் படத்தையே நம்பாமல் போனான். 3 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 2 நிமிடம் கூட்டுங்கள். மணி அடித்ததும் ஊஞ்சல் கிடைத்தே ஆக வேண்டும்.

இதைவிட முக்கியம் அக்காவுக்கான நேரம். தினமும் 15 நிமிடம், அம்மாவோ அப்பாவோ கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு மட்டும். தம்பி பேச்சை நாமாக எடுக்கக் கூடாது. "அவன்மேல கோபமா வருது" என்று அவளே சொன்னால், மறுக்காமல் கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கோபம் நியாயமானது. வெளியே அவன் அழுதால் மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும், கதவு திறக்க வேண்டாம்.