நடைபாதை போட்ட பிறகும் எல்லோரும் ஏன் சாலையிலேயே நடக்கிறார்கள்? சிறு நகரங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகராட்சிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "லட்சக்கணக்கில் செலவு செய்து நடைபாதை போட்டுக் கொடுத்தோம், ஜனங்கள் ஏற மாட்டேன் என்கிறார்கள்." கூடவே மக்களுக்கு ஒழுங்கு இல்லை என்ற தீர்ப்பும் வந்துவிடும். கையில் காய்கறிப் பையும் இடுப்பில் குழந்தையுமாகப் போகிற ஒரு பெண், லாரி உரசிக்கொண்டு போகும் சாலையில் ஆசைப்பட்டா நடக்கிறார்? மேலே ஏறினால் பத்தடிக்கு ஒருமுறை இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதைக் கட்டியவருக்குத்தான் தெரியவில்லை.

2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்து போனவர்கள், 4,800-க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் போனவர்கள். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால், விவசாயமும் வீட்டுத்தொழிலும் நீங்கலாக மற்ற வேலைகள் செய்வோரில் நூற்றுக்குச் சுமார் 23 பேர் வேலைக்கு நடந்தே போனார்கள், 13 பேர் சைக்கிளில் போனார்கள். ஆக, நடப்பவர்களைப் புதிதாக உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் ஏற்கெனவே தெருவில் இருக்கிறார்கள். எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று பார்க்காமல் திட்டம் போடுவதுதான் மூலத் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவை.

புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 2011-இல் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் பேர் வாழ்ந்த ஊர். 2024-இல் மாநகராட்சி ஆனது. சமஸ்தானக் காலத்தில் ராஜ வீதிகளும் அவற்றுக்கு இணையான தெருக்களுமாக நேர்கோட்டில் அமைத்த நகரம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில்தான் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம் அது. பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். இவ்வளவு சைக்கிள் ஓட்டிய மண்ணில்கூட இன்று சைக்கிளுக்கென்று சாலையில் இடம் தேட வேண்டியிருக்கிறது என்றால், மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனைக்கும் இந்த அளவுள்ள ஊர்களில் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், பள்ளிகள், பெரிய ஆஸ்பத்திரி என முக்கியமான இடங்களில் பெரும்பாலானவை மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள் அடங்கிவிடும். மெதுவாக மிதித்தாலும் கால் மணி நேரம்.

இடம் இருக்கிற இடத்தில் போடுவது

அகலமான சாலையாகப் பார்த்து நடைபாதை போடுவார்கள். கலெக்டர் ஆபீஸ் சாலை, ஊருக்கு வெளியே பைபாஸ், குளக்கரை. ஆக்கிரமிப்பு இல்லை, வழக்கு இல்லை, கடைக்காரர்கள் சண்டை இல்லை, படமும் அழகாக வரும். குளக்கரையில் காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உடம்பைக் குறைக்க நடப்பதும், ரேஷன் கடைக்கு நடப்பதும் வேறு வேறு. முதலாவது எங்கே வேண்டுமானாலும் நடக்கும். இரண்டாவதுக்கு வழி ஒன்றுதான், அந்த வழியில்தான் நெரிசலும் ஆபத்தும் இருக்கின்றன.

எங்கே தொடங்குவது என்பதற்குப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். காலை எட்டரை மணிக்கு அரசுப் பெண்கள் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகள் எந்தெந்தத் தெரு வழியாக வருகிறார்கள் என்று பாருங்கள். புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நில்லுங்கள். சாயங்காலம் மார்க்கெட். இந்த மூன்றையும் பஸ் ஸ்டாண்டோடு இணைக்கும் தெருக்களை வரைபடத்தில் கோடு போட்டாலே, முதல் இரண்டு ஆண்டுகளுக்கான வேலை கிடைத்துவிடும்.

உயரம்

நடைபாதையைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி உயரம். இந்தியச் சாலைகள் பேரவையின் பாதசாரி விதிமுறைப்படி சாலையிலிருந்து நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. நம் ஊர்களில் மழைநீர் வடிகாலைக் கட்டி, அதன் மேல் சிலாப் போட்டு, "இதுதான் நடைபாதை" என்று சொல்லிவிடுகிறோம். வடிகாலின் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பாதையும் நிற்கும். ஒன்றரை அடி உயரம் என்பதெல்லாம் சர்வசாதாரணம். மூட்டுவலி உள்ளவர் ஒருமுறை ஏறுவார், இரண்டாம் முறை ஏற மாட்டார்.

அதற்கு மேல் வீட்டு வாசல்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கார் நுழைய நடைபாதையை வெட்டி இறக்குகிறார்கள். தெரு முழுக்க ஏற்ற இறக்கமாகப் போய்விடுகிறது. செய்ய வேண்டியது நேர் எதிர். நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். கார் வேண்டுமானால் சாலையோரத்தில் சின்னச் சரிவில் ஏறி, அதைக் கடந்து உள்ளே போகட்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் காருக்காக, நாள் முழுக்க நடப்பவர்களை ஏற்றி இறக்குவது என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கை, சாலை வளர்வது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பல தெருக்களில் வீடுகளே பள்ளத்துக்குள் போய்விட்டன. நடைபாதையும் ஒரு கட்டத்தில் சாலைக்குக் கீழே போகும், மழை பெய்தால் அதுவே வாய்க்கால். அப்புறம் புது டெண்டர், இன்னும் உயரமான நடைபாதை. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். வேலை நடக்கும்போது உங்கள் தெருவில் அது நடக்கிறதா என்று நின்று பார்ப்பது நல்லது. போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை.

அகலத்தைக் காகிதத்தில் அளப்பது

அதே விதிமுறை, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் கடக்கும் அகலம். கடைவீதியில் இன்னும் ஒரு மீட்டர் சேர்க்கச் சொல்கிறது, கடை முன் நின்று பார்ப்பவர்களுக்காக. எஸ்டிமேட்டில் இரண்டு மீட்டர் என்றுதான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு மீட்டருக்குள் டிரான்ஸ்பார்மர், கேபிள் பெட்டி, விளம்பரத் தட்டி, மரம் எல்லாம் வந்துவிடும். மிச்சம் ஒன்றரை அடி. அளக்க வேண்டியது அந்த மிச்சத்தைத்தான். தெருவிலேயே குறுகலான இடம் எதுவோ, அதுதான் அந்த நடைபாதையின் உண்மையான அகலம்.

பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் கோட்டு ஓடுகளைப் பதிப்பது இப்போது எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கோடு நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டுவதும் வழக்கமாகிவிட்டது. பதித்தவருக்குக் கணக்கு முடிந்தது. நம்பி நடப்பவருக்கு நெற்றி உடைகிறது. இதைவிடப் பதிக்காமலே விட்டிருக்கலாம். டூ வீலர் ஏறாமல் இருக்கக் கம்பி நடுவதும் இப்படித்தான்: பைக் எப்படியோ நுழைந்துவிடும், சக்கர நாற்காலி வெளியே நிற்கும்.

சாலையைக் கடப்பதை மறந்துவிடுவது

நீளவாக்கில் நடப்பதைப் பற்றி யோசிக்கிற அளவுக்குக் குறுக்கே கடப்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒரு பள்ளி மாணவி அடிபட்டால் உடனே எழும் கோரிக்கை நடைமேம்பாலம். லாரி போக ஐந்தரை மீட்டர் இடைவெளி விட்டால், பாலத்தின் தளம் ஆறு மீட்டருக்குப் போய்விடும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றாலும் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. எதற்காக? பத்து மீட்டர் சாலையைக் கடக்க. லிஃப்ட் வைத்தால் அதை ஓட்டவும் பராமரிக்கவும் நகராட்சியிடம் பணம் இருக்காது, சீக்கிரமே பூட்டிவிடுவார்கள். தேசிய நெடுஞ்சாலையில், ரயில் தண்டவாளத்தில் பாலம் வேண்டும், மறுக்கவில்லை. ஊருக்குள்ளே வேண்டியது வண்டிகளின் வேகத்தைக் குறைப்பது.

50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் பார்த்து பிரேக் போட்டு நிற்பதற்குள் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடிவிடும். 30-இல் வந்தால் 13 மீட்டர் போதும். அதாவது 20 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை குறுக்கே வந்தால், ஒரு வண்டி முன்னாலேயே நின்றுவிடும், இன்னொன்று நல்ல வேகத்தோடு மோதும். பள்ளி வாசலில் '30 கி.மீ.' என்று பலகை வைத்தால் வேகம் குறையாது. கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, இருபுறமும் சரிவு கொடுத்தால் குறையும். நடப்பவருக்கும் இறங்கி ஏறும் வேலை இல்லை.

சந்திப்புகளில் இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. மூலையை வெட்டி வளைவை அகலமாக்கி, சிக்னலுக்கு நிற்காமல் இடது பக்கம் திரும்ப விடும் 'ஃப்ரீ லெஃப்ட்' கொடுப்பது. வண்டிகள் வேகம் குறையாமலே திரும்பும், கடக்க வேண்டிய தூரமும் கூடும். மூலையைக் கூர்மையாக வைத்தால் வண்டி தானாக நிதானிக்கும். பஸ் திரும்ப இடம் வேண்டாமா என்று கேட்பார்கள். பஸ் போகாத தெரு முனைகளையும் எதற்கு வெட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்கலாம்.

பச்சைப் பெயின்ட் சைக்கிள் பாதை

சாலையோரத்தில் பச்சைக் கோடு, அதில் சைக்கிள் படம், திறப்பு விழாவில் ஹெல்மெட் போட்ட அதிகாரிகள். அடுத்த வாரமே அது கார் நிறுத்தும் இடம். பெயின்ட் யாரையும் தடுக்காது. வேகமான பெரிய சாலை என்றால் கல் தடுப்பு வைத்துப் பிரிக்க வேண்டும், இரண்டு மீட்டர் அகலமாவது வேண்டும், முக்கியமாகச் சந்திப்பில் வந்ததும் பாதை மாயமாகக் கூடாது. அடிபடுகிற இடமே அதுதானே. இவ்வளவும் முடியாது என்றால் போடாமலே இருக்கலாம்.

ராஜ வீதி போன்ற உள்தெருக்களில் தனிப் பாதையே தேவையில்லை என்பது என் கருத்து. லாரிக்கு நேரக் கட்டுப்பாடு, கார் நிறுத்த ஒரு பக்கம் மட்டும், வேகம் முப்பதுக்குள். அது போதும், சைக்கிள் தானாக ஓடும்.

யாருக்காகத் திட்டமிடுகிறோம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கியர் சைக்கிளில் வருகிற குழுவைக் கூப்பிட்டுக் கருத்து கேட்பார்கள். தினமும் ஓட்டுகிறவர்கள் வேறு ஆட்கள்: பால் கேன் கட்டியவர், கொத்தனார், பிளஸ் ஒன் மாணவி. 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் தமிழக அரசு இலவச சைக்கிள் தருகிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுத்துவிட்டு, ஓட்ட வழி கொடுக்காமல் விட்டது விசித்திரம்தான். பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டுகளைப் பாருங்கள், பெயர் மட்டும் மிச்சம், உள்ளே முழுக்க பைக். கூரை போட்டு நூறு சைக்கிளுக்குப் பூட்டும் இடம் ஒதுக்க ஆகும் செலவு, வாடகை சைக்கிள் திட்டத்துக்கு ஆப் செய்யும் செலவைவிடக் குறைவு.

தரைக்கடைகளை விரட்டுவது

நடைபாதை என்றதும் முதல் நடவடிக்கை பூக்காரரையும் இளநீர்க்காரரையும் தூக்குவது. காவல் வண்டி போனதும் அவர்கள் திரும்பி வருவார்கள், வந்துதான் ஆக வேண்டும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழு அமைத்து, கணக்கெடுத்து, இடம் ஒதுக்கச் சொல்கிறது. வடிவமைக்கும்போதே மரத்துக்கும் கம்பத்துக்கும் விடுகிற சாலையோரப் பட்டையில் அவர்களுக்கும் இடம் விட்டால் நடக்கும் வழி காலியாக இருக்கும். இன்னொன்று, ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக நடந்து வருகிற பெண்ணுக்குக் கடை விளக்கும் கடைக்காரரும்தான் துணை. உண்மையில் இடத்தைப் பெரிதாக அடைப்பது தரைக்கடை அல்ல, பெரிய கடை வாசலில் நிற்கும் பைக்குகளும், நடைபாதை மேல் ஏறிய ஷோரூம் படிக்கட்டும். அவற்றைத் தொட யாருக்கும் தைரியம் வருவதில்லை.

விளக்கைப் பற்றிச் சொல்லும்போதே: சாலை நடுவே உள்ள தடுப்பில் உயரமாக வைத்த விளக்கு தாருக்குத்தான் வெளிச்சம் தரும், நடைபாதை மர நிழலில் இருட்டாகக் கிடக்கும். மரம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. சித்திரை வெயிலில் நிழல் இல்லாத நடைபாதைக்குக் கிரானைட் போட்டாலும் ஆள் வராது.

சென்னையைக் காப்பியடிப்பது

2019-இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்த பிறகு, எல்லா ஊருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. பார்த்தவர்கள் கல் இருக்கையையும் அலங்கார விளக்கையும் பார்த்தார்கள். அதற்கு முன்பே 2014-இல் சென்னை மாநகராட்சி நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை வகுத்ததை யாரும் கவனிக்கவில்லை. சிறு நகரம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முன்னேற்பாட்டை. ஒரே தெருவில் கோடிகளைக் கொட்டுவதைவிட, அதே பணத்தில் பத்துத் தெருக்களில் சமமான, சாதாரண சிமென்ட் நடைபாதை போடலாம்.

சிறு நகரங்களுக்கே உரிய சிக்கல் வேறொன்று. முக்கியமான சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, குழாய் குடிநீர் வாரியத்துடையது, தெரு மட்டும் நகராட்சியுடையது. இவர்கள் ஒரே மேசையில் உட்காராவிட்டால், பேவர் பிளாக் பதித்த மறுமாதமே பாதாள சாக்கடைக்குத் தோண்டுவார்கள். தோண்டியவர் பழையபடி பதிக்க மாட்டார். தரைக்கடியில் உள்ள வேலை எல்லாம் முடிந்த தெருக்களை மட்டும் முதலில் எடுங்கள். வேலை உத்தரவு கொடுக்கும் முன், பள்ளி வாசலில் இரண்டு வாரம் மணல் மூட்டையும் டிரம்மும் வைத்து வழியைப் பிரித்துப் பாருங்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த கடைக்காரரும் பார்ப்பார், பஸ் திரும்புகிறதா என்பதும் தெரியும், தப்பாகப் போனால் மூட்டையை நகர்த்தினால் போயிற்று.

ஒப்பந்ததாரருக்குக் கடைசி பில் போடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பொறியாளர், கவுன்சிலர், ஒப்பந்ததாரர் மூவரும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகட்டும். எங்கெல்லாம் தூக்க வேண்டி வந்ததோ, அங்கெல்லாம் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் தீரும்வரை பில் நிற்கட்டும்.